செய்யாததைச் செய்ததாக எழுத வைக்காதீர்கள்: திருகோணமலைத் தாதியரின் திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தின் வைத்தியசாலைகளை நடத்தும் பணிப்பாளர்களுக்கும், வைத்திய அத்தியட்சகர்களுக்கும், மேட்ரன்மாருக்கும், ஆளணியைத் தீர்மானிக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் மே 12ஆம் திகதி, தாதியர் தினத்தன்று, விளக்கேற்றி எங்களைக் கௌரவிக்கிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி. அன்று மேடையிலிருந்து ஒரு கேள்வியும் வரும்: இந்தத் தொழிலில் பெருமைதானே? ஓம் என்று சொல்லிவிட்டு நோயாளர் விடுதிக்குத் திரும்புகிறோம். அந்த ஒற்றைச் சொல்லில் அடங்காத மிச்சப் பதிலை இங்கே எழுதுகிறோம். எந்த ஒரு வைத்தியசாலையையும், எந்த ஒரு மேலதிகாரியையும் குறித்து இதை எழுதவில்லை. ஆள் குறைந்த எந்த விடுதிக்கும் இது பொருந்தும்.

தாதிக்கு வெட்கம் எங்கே வரும் என்று ஊர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மலசலம் அள்ளுகிற வேலை, ராவில் வீட்டுக்கு வெளியே நிற்கிற வேலை, அந்நிய ஆளைத் தொடுகிற வேலை என்பார்கள். கலியாணப் பேச்சில் "பிள்ளைக்கு நைட் டியூட்டியும் இருக்கோ?" என்று கேட்கிற வீடுகள் இன்னும் உண்டு. அதற்கு நாங்கள் குனிவதில்லை. மலம் தார் போலக் கறுத்து ஒட்டி, ஒருவகை வாடையோடு போனால் மேல் வயிற்றில் எங்கோ இரத்தம் கசிகிறது. அதை முதலில் காண்பவர் பெட்பானை எடுத்தவர்தான். இரும்புச்சத்துக் குளிசை குடிப்பவருக்கும் மலம் கறுக்கும். ஆனால் அந்த ஒட்டலும் வாடையும் இராது. இதைப் பிரித்தறியக் கண்ணும் மூக்கும் பழகியிருக்க வேண்டும். குழாய் வழியே சிறுநீர் சேரும், கட்டிலில் தொங்கும் பையும் அப்படித்தான். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அதில் சேரும் சிறுநீர் மணித்தியாலத்துக்கு 25 மில்லிலீற்றருக்குக் கீழே இறங்கினால், பிரஷர் விழுவதற்கு முன்பே உடம்பு எச்சரிக்கிறது என்று பொருள். அந்தப் பையைக் குனிந்து பார்ப்பதில் எங்களுக்கு ஒரு குறைவும் இல்லை.

எங்களைக் கூசவைப்பது வேறொன்று. அது அட்டையில் இருக்கும் "20" என்ற எண்.

நோயாளரின் அவதானிப்பு அட்டையை எடுத்துச் சுவாச வீதம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதும் வரிசையைப் பாருங்கள். 20, 20, 20, 20 என்று நான்கு நாளுக்கு ஒரே எண் நின்றால், அதில் பெரும்பகுதி எண்ணி எழுதப்பட்டதல்ல. நாடியையும் ஒட்சிசன் அளவையும் விரலில் மாட்டும் கருவி சொல்லிவிடும். பிரஷரை மெஷின் சொல்லிவிடும். சுவாசத்தை மட்டும் ஓர் ஆள் பக்கத்தில் நின்று, நோயாளர் அறியாதபடி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நேரமில்லாதபோது முதலில் விடுபடுவது அதுதான். ஆனால் நிமோனியாவோ, கிருமி இரத்தத்தில் பரவுவதோ, இருதயம் தளர்வதோ, பெரும்பாலும் மற்ற எண்கள் குழம்புவதற்கு முன்பே சுவாசத்தில் தெரிந்துவிடும். 20 என்று எழுதிய இடத்தில் உண்மையில் 28 இருந்திருந்தால், அந்த ஆளை ஆறு மணித்தியாலம் முன்னதாகவே டொக்டரிடம் காட்டியிருக்கலாம். அந்த 20க்குக் கீழே ஒரு தாதியின் கையொப்பம் இருக்கிறது. எங்கள் வெட்கம் அங்கேதான் இருக்கிறது.

சோம்பலால் இப்படி எழுதுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பொது மருத்துவ விடுதியில் 40 நோயாளர், இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணிவரை இரண்டு தாதியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் சேர்த்துக் கையிலிருப்பது 24 மணித்தியாலம், அதாவது 1,440 நிமிடம். நாற்பதில் 3 பேர் டெங்குவின் ஆபத்தான கட்டத்தில் இருக்கிறார்கள். மற்ற 37 பேருக்கும் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை காய்ச்சல், நாடி, பிரஷர், சுவாசம், ஒட்சிசன் பார்த்து, கை சுத்தம் செய்து, எழுதி முடிக்க ஆளுக்கு 5 நிமிடம். ஒரு சுற்றுக்கு 185 நிமிடம், மூன்று சுற்றுக்கு 555. பதினைந்து பேருக்கு ஊசி வழி அன்டிபயோட்டிக், இரவில் இரண்டு தடவை. பெயரைச் சரிபார்த்து, கலக்கி, மெதுவாகச் செலுத்தி, குழாயைக் கழுவிவிட்டு எழுத 10 நிமிடம் வீதம் 300. தானாகப் புரள முடியாத நால்வரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இருவர் சேர்ந்து 5 நிமிடத்தில் திருப்பினால் 240. டெங்கு நோயாளர் மூவருக்கும் மணிக்கு ஒருமுறை 7 நிமிடம் வீதம் 252. கூட்டினால் 1,347 நிமிடம். மிச்சம் 93.

இருவருக்கும் ஆளுக்கு முக்கால் மணித்தியாலம். அதற்குள்தான் இரு முனையிலும் பொறுப்பைக் கையளிக்க வேண்டும், புதிதாக வரும் நோயாளரைச் சேர்க்க வேண்டும், ஒருவர் இறந்தால் உடலைத் தயார்செய்து குடும்பத்தாரோடு நிற்க வேண்டும், இரத்தம் ஏற்ற வேண்டும். சேலைன் கழன்றது, "மிஸ், இவர் வாந்தி எடுக்கிறார்" என்று கூப்பிட்டது, இரத்தப் பரிசோதனை முடிவு கேட்டுத் தொலைபேசியில் காத்திருந்தது, ஒரு வாய் தேத்தண்ணி எல்லாம் அதற்குள்தான். இரத்தம் ஒன்றே போதும் மிச்ச நேரத்தைத் தின்ன. இருவர் சேர்ந்து பையையும் ஆளையும் சரிபார்க்க வேண்டும், முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும், குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்து நான்கு மணித்தியாலத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். எந்த வேலையும் பிழைக்காத இரவில்கூட இந்தக் கணக்கு மூச்சு முட்டத்தான் முடிகிறது. ஒரு வேலை பிழைத்தால், விடிய 6 மணி அவதானிப்பு அட்டையில் மட்டுமே நடக்கும்.

மூன்றாவது தாதி ஒருவர் நின்றால் இதே கணக்கில் பன்னிரண்டு மணித்தியாலம் கூடும்.

அன்டிபயோட்டிக்குக்கு ஏன் பத்து நிமிடம் என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். செவ்ட்ரையக்சோன் 1 கிராமை 10 மில்லிலீற்றர் நீரில் கரைத்து இரண்டு முதல் நான்கு நிமிடம் எடுத்துச் செலுத்த வேண்டும். கல்சியம் கலந்த ஹார்ட்மன் சேலைன் ஓடும் அதே குழாயில் செலுத்தக்கூடாது. கோ-அமொக்ஸிக்லாவ் 1.2 கிராமைக் கரைத்த 20 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதனால் பத்துப் பேருக்கானதை ஒன்றாகக் கரைத்துத் தட்டில் அடுக்கிவைப்பது பிழை. நேரம் மிச்சப்படுத்த அப்படி அடுக்கினால் மருந்தின் வலு குறைவதோடு ஆள் மாறும் அபாயமும் வருகிறது. வன்கோமைசின் 1 கிராம் குறைந்தது 100 நிமிடம் ஓட வேண்டும். அரை மணித்தியாலத்தில் ஓடவிட்டால் முகமும் கழுத்தும் சிவந்து, கடித்து, பிரஷரும் விழலாம். இதெல்லாம் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம் படித்துப் பரீட்சையில் எழுதியவை. விடுதியில் அதன்படி செய்ய இயலாமற் போகும்போது, தெரியாமல் பிழை விட்டவரைவிடத் தெரிந்தும் விட்டவரின் மனம் அதிகம் நோகும்.

டெங்குவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017இல் நாடு முழுவதும் 186,101 டெங்கு நோயாளர் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு இந்த மாவட்டத்தில் எவருக்கும் மறந்திராது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பிறகு ஒவ்வோர் ஆண்டும் எங்கள் மனம் அதற்குத் தயாராகிறது. டெங்குவைக் குணமாக்கத் தனி மருந்து இல்லை. அங்கே சிகிச்சை என்பதே அளப்பதுதான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் 24 முதல் 48 மணித்தியாலத்துக்கு, 50 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள வளர்ந்தவருக்கு மொத்தம் 4,600 மில்லிலீற்றர் என்பது கணக்கு. சேலைன், ஜீவனி, கஞ்சி, வீட்டிலிருந்து வந்த இளநீர் எல்லாம் அதற்குள் அடங்கும். குறைந்தால் அதிர்ச்சி நிலை, கூடினால் நுரையீரலில் நீர். மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் இடைவெளி 40இலிருந்து 30க்கும் பிறகு 20க்கும் சுருங்குவதை மணிக்கு மணி எழுதினால்தான் கண்ணுக்குத் தெரியும். 100/80 என்று மெஷின் காட்டும்போது "நூறு இருக்குத்தானே" என்று கடந்து போனால் ஆள் போய்விடும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டியைச் சுற்றினால் பிரஷர் குறைத்துக் காட்டும், பருத்த கைக்குச் சிறிய பட்டி கூட்டிக் காட்டும். ஆகவே விடுதிக்கு ஒரே பட்டி என்பது சிக்கனமாகாது. பிள்ளைகளுக்கும், மெலிந்தவர்களுக்கும், பருத்தவர்களுக்கும் வெவ்வேறு அளவுப் பட்டிகள் வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

நாங்கள் கேட்பதில் முதலாவதும் மிக மலிவானதும் இதுதான்: அட்டையில் "எடுக்கப்படவில்லை" என்று எழுத அனுமதி தாருங்கள்.

இன்று என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 2 மணி அவதானிப்பை எடுக்க இயலாமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்ட தாதியிடம் விளக்கம் கேட்கப்படும். எடுக்காமலே 20 என்று எழுதியவரிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. உண்மை எழுதியவர் மாட்டுகிறார், எண்ணை இட்டு நிரப்பியவர் தப்புகிறார். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை இதை ஒரு மாதத்திலேயே கற்றுக்கொள்கிறது. பிறகு அந்தப் பிள்ளைக்கு மே 12ஆம் திகதி பெருமையைப் பற்றி நாங்கள் என்ன சொல்வது?

செய்ய வேண்டியது சிறிது. அவதானிப்பு அட்டையின் அடியில் ஒரு வரி சேருங்கள். புதிதாக அச்சடிக்கத் தேவையில்லை, இறப்பர் முத்திரை போதும். எடுக்க முடியாத நேரத்தில் அந்தக் கட்டத்தில் ஒரே ஓர் எழுத்து: ஆள் போதாவிட்டால் "ஆ", அவசர நோயாளரிடம் நின்றிருந்தால் "அ", கருவி இல்லை அல்லது பழுது என்றால் "க", நோயாளர் மறுத்தால் அல்லது கட்டிலில் இல்லாவிட்டால் "ம". சிங்களம் பேசும் சகோதரத் தாதியருக்கு அவர்கள் மொழியில் அதே நான்கு. காலை 7 மணிக்கு விடுதிக்குப் பொறுப்பான தாதியான சிஸ்டர் அந்த எழுத்துகளை எண்ணி ஒரு தாளில் குறிப்பார், வாரத்துக்கு ஒருமுறை மேட்ரனிடம் போகும். நான்கு வாரத்தில் எந்த விடுதி, எந்த மணி, எந்தக் காரணம் என்று உங்கள் மேசையில் தெளிவாக இருக்கும். ஆளணி கேட்டு மேலிடத்துக்கு எழுதும்போது அழுத்தமாகக் காட்ட உங்களிடமும் ஓர் ஆதாரம் இருக்கும். ஒரு நிபந்தனை உண்டு. அந்த எழுத்துக்காக எவரிடமும் தனிப்பட விளக்கம் கேட்கக் கூடாது. ஒருதரம் கேட்டாலும் போதும், மறுநாளே 20 திரும்பி வந்துவிடும்.

விளக்கேந்திய சீமாட்டி என்று நாம் கொண்டாடும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கைவிடக் கணக்கைத்தான் நம்பினார். போரில் காயத்தால் செத்த சிப்பாய்களைவிட நோயால் செத்தவர்களே மிக அதிகம் என்பதை மாதம் மாதமாக எண்ணி, 1858இல் வட்ட வரைபடமாக வரைந்து காட்டினார். அந்த எண்கள் எடுக்காமலே இட்டு நிரப்பியவையாக இருந்திருந்தால் அவரால் எதையும் மாற்றியிருக்க முடியாது.

ஆளைக் கட்டிலின் எண்ணிக்கையால் பிரிக்காமல் வேலையின் கனத்தால் பிரியுங்கள் என்பது அடுத்த வேண்டுகோள். தினமும் மாலை 6 மணிக்கு ஒவ்வொரு விடுதிச் சிஸ்டரும் நோயாளரை மூன்றாகப் பிரிக்கட்டும்: தானே எழுந்து நடப்பவர், கைத்துணை வேண்டியவர், மணிக்கு மணி பார்க்க வேண்டியவர். பாரம் குறைந்த விடுதியிலிருந்து ஒருவரை அன்றிரவுக்கு மட்டும் மாற்றலாம். ஆனால் கண் விடுதியில் வேலை செய்பவரைக் கொண்டுவந்து நேரே டெங்கு அட்டையைக் கையில் கொடுக்காதீர்கள். அவருக்கு நோயாளரைத் திருப்புவது, குளிசைச் சுற்று, வழக்கமான அவதானிப்பு ஆகியவற்றைக் கொடுத்து, பழகியவரை டெங்குவுக்கு விடுங்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் மருத்துவ, சத்திரசிகிச்சை விடுதிகளுக்கு ஒரு தாதிக்குப் பகலில் 4 நோயாளர், இரவில் 7 என்று சட்டமாக்கியது. நாளைக்கே அது இங்கே வராது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் 2022இன் நெருக்கடிக்குப் பிறகு சம்பளமற்ற விடுமுறை எடுத்தும், வேலையை விட்டும் வெளிநாடு போனவர்களைக் குறைசொல்லும்போது, அவர்கள் காசுக்காக மட்டும் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படித்தபடி வேலை செய்யக் கிடைக்கும் இடமும் ஒருவரை இழுக்கும்.

அடுத்தது, உடம்பில் பொற்றாசியம் குறைந்தவருக்குச் சேலைனில் கலந்து ஏற்றும் பொற்றாசியம் குளோரைட்டு. 10 மில்லிலீற்றர் குப்பி ஒன்றில் 20 மில்லிமோல். மருந்து கரைக்கும் நீரும் அதேபோல 10 மில்லிலீற்றர் தெளிந்த குப்பியில்தான் வருகிறது. இரண்டும் ஒரே தட்டில் கிடந்தால், மங்கிய வெளிச்சத்தில் விடிய 4 மணிக்குக் கை மாறி எடுக்கும். கலக்காமல் நேரே செலுத்தினால் இருதயம் நின்றுவிடும். மருந்துத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு ஒரே மருந்து வெவ்வேறு கம்பனி லேபிளில் வருவதால் நிறத்தைப் பார்த்து எடுக்கும் பழக்கமும் கைகொடுப்பதில்லை. பொற்றாசியத்தைத் தனிப் பெட்டியில் பூட்டிவையுங்கள், சிவப்பு நாடா ஒட்டுங்கள், இருவர் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். 500 மில்லிலீற்றர் சேலைனில் ஒரு குப்பி, இருதய மொனிட்டர் இல்லாத விடுதியில் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். தொங்கும் பையில் அப்படியே ஊசியால் ஏற்றிவிட்டுப் போகக்கூடாது. மருந்து அடியில், குழாய் வாயருகே தேங்கி நின்று முதலில் அதுவே உள்ளே போகும். பையைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பத்துத் தடவையாவது தலைகீழாகப் புரட்டிக் கலக்கிய பிறகே தொங்கவிட வேண்டும். டொக்டர்மாரிடமும் ஒரு விண்ணப்பம்: இன்சுலின் அளவுக்குப் பக்கத்தில் ஆங்கில "யூ" எழுத்தை மட்டும் எழுதாமல் "யூனிட்" என்று முழுதாக எழுதுங்கள். அவசரத்தில் அந்த எழுத்து சுழியம் போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். அளவைப் பற்றித் தாதி திருப்பிக் கேட்டால் முதலில் அளவைப் பாருங்கள், யார் கேட்டது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

பிழை நடக்கப் பார்த்துத் தப்பிய சம்பவங்களை எழுதப் பெயரில்லாப் புத்தகம் ஒன்று ஒவ்வொரு விடுதியிலும் வையுங்கள். ஊசி குத்திய காயத்தை மறைக்கும் பழக்கமும் இதே பயத்தால்தான் வருகிறது. குத்தினால் சவர்க்காரமும் ஓடும் நீரும் போட்டுக் கழுவ வேண்டும், பிதுக்கக்கூடாது. உடனே அறிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தால் முதல் சில மணித்தியாலத்திலேயே, தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். "ஏன் கவனமில்லாமல் வேலை செய்தாய்?" என்பதுதான் முதற் கேள்வி என்றால், கையுறைக்குள் கையை ஒளித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பாவித்த ஊசிகளைப் போடும் பெட்டியை முக்கால்வாசி நிரம்பியதும் மாற்றினாலே காயங்கள் குறையும். வழிய வழிய நிரம்பிய பெட்டிக்குள் திணிக்கும்போதும் குத்துகிறது.

இந்த மாவட்டத்தில் மொழி சம்பந்தமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். மூதூர், குச்சவெளி, கிண்ணியா, ஈச்சிலம்பற்று மக்கள் தமிழில் நோவைச் சொல்கிறார்கள். தெற்கிலிருந்து நியமனம் பெற்றுவரும் தாதியருக்கும் டொக்டர்மாருக்கும் அது எட்டுவதில்லை. கந்தளாய், சேருவிலைப் பக்கத்து மக்கள் சிங்களத்தில் சொல்வது எங்களில் பலருக்கு எட்டுவதில்லை. "களைக்குது" என்றால் அது அசதியாகவும் இருக்கலாம், மூச்சு வாங்குவதாகவும் இருக்கலாம். "மயக்கம்" என்பவர் தலைசுற்றைச் சொல்கிறாரா, விழுந்ததைச் சொல்கிறாரா என்று கேட்டறிய வேண்டும். "காஸ்" என்று வயிற்றின் மேற்பகுதியைத் தடவுகிறவருக்கு வந்து 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்காவிட்டால் மாரடைப்பு ஒன்று அன்டாசிட் கரைசலோடு வீடு போகலாம். 1987இன் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. கட்டிலருகே அது இன்னும் பக்கத்துக் கட்டில்காரரின் மொழிபெயர்ப்பில்தான் ஓடுகிறது. மூலவியாதியையும் மாதவிடாயையும் பக்கத்துக் கட்டில்காரர் வழியாகச் சொல்ல எவருக்கு மனம் வரும்? இருபுறமும் முப்பது கேள்விகள், தமிழுக்குச் சிங்கள எழுத்திலும் சிங்களத்துக்குத் தமிழ் எழுத்திலும் உச்சரிப்போடு, சட்டைப்பையில் அடங்கும் அட்டையாக அடித்துத் தாருங்கள். கேள்விகளைத் தெரிவுசெய்து தர எங்களிடம் மூவினத்துத் தாதியரும் இருக்கிறார்கள்.

பெருமையைப் பற்றியும் கேட்டீர்கள். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் ரெக்சின் விரிப்பில் வியர்வை தேங்கி, இரண்டே நாளில் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவக்கும். விரலால் அழுத்திப் பார்த்து, அழுத்திய இடம் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. பாரிசவாதத்தால் மூன்று வாரம் படுத்திருந்த ஆச்சி ஒருவர் அப்படி ஒரு சிவப்பும் இல்லாமல் வீடு போகிறார் என்றால், ஏறத்தாழ 250 தடவை யாரோ அவரைத் திருப்பியிருக்கிறார்கள். சீனி வருத்தக்காரர் ஒருவருக்கு, வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் மண்சட்டியில் ஈரத்துணி சுற்றி இன்சுலினை வைப்பது எப்படி, வயிற்றில் தினமும் ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றுவது எப்படி, மருந்து செலுத்திய பிறகு பத்து வரை எண்ணி ஊசியை எடுப்பது ஏன் என்று இருபது நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, அவர் கையாலேயே ஒருதரம் செய்வித்து அனுப்புவது எங்களுக்குப் பெருமை. அந்த இருபது நிமிடத்தைத்தான் கேட்கிறோம்.

மற்றவை சுருக்கமாக. இரவு 7 மணிக்கு வேலை முடிப்பவர்களுக்கு மூதூர், புல்மோட்டைப் பாதைகளில் பாதுகாப்பான வாகனம் வேண்டும். இரவில் ஆளுக்கு முக்கால் மணித்தியால ஓய்வும், பூட்டக்கூடிய அறையும், தாதியருக்குத் தனி மலசலகூடமும் வேண்டும். நோயாளரைத் தூக்க வழுக்குப் பலகை விடுதிக்கு ஒன்றாவது வேண்டும். முதுகெலும்பு போன தாதிக்கு இலகு வேலை தேடித் தருவதைவிட அது மலிவு.

முத்திரையை முதலில் ஒரே ஒரு மருத்துவ விடுதியில் நான்கு வாரம் போட்டுப் பாருங்கள். நான்கு எழுத்துகளுடன் அட்டையின் மாதிரியைக் கீறி, எண்ணும் தாளையும் தயாரித்து வைத்திருக்கிறோம். நீங்கள் குறிக்கும் நாளில், குறிக்கும் விடுதியில், சிஸ்டரிடம் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டத்தில் கடமையாற்றும் தாதிய உத்தியோகத்தர் சிலர்